முன்பதிப்பு வெளியிட்டவர்களின் அனுபவங்கள்: 2.05-இல் ஒரு பீக்

கரிம வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர்:

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் அன்றே, வேதியியல் முன்பதிப்புகளை (இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவில் வைக்கப்படும் கட்டுரைகளை) வெளியிடும் கெம்ஆர்க்கைவ் இணையத்தளத்திலும் ஏற்றிவிடலாமா என்று நான் கேட்டபோது, என் நெறியாளர் எளிதில் இசையவில்லை. 2000-ஆம் ஆண்டில் எல்சவியர் நிறுவனம் வேதியியலுக்கென்று ஒரு முன்பதிப்புத் தளத்தைத் தொடங்கியதையும், முக்கிய இதழ்கள் சில அதில் வெளியானவற்றை ஏற்க மறுத்த நிலையில் 2004-இல் அது முடங்கிப்போனதையும் கண்ணெதிரே பார்த்தவர் அவர். 2017-இல் கெம்ஆர்க்கைவைத் தொடங்கியவை அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மானிய வேதியியல் கழகங்களே என்றும், சீன, ஜப்பானியக் கழகங்களும் பின்னர் சேர்ந்துகொண்டன என்றும் எடுத்துச் சொன்ன பிறகுதான், "இதழின் விதியை நீயே ஒரு முறை படித்துவிட்டு ஏற்று" என்றார்.

சில நாட்களில் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண்ணுடன் கட்டுரை வெளியாயிற்று. எழுத்துத் திருட்டு உண்டா, அறிவியல் கட்டுரைதானா என்ற அளவில்தான் அங்கே பார்ப்பார்கள். முடிவு சரியா என்று பார்ப்பது அவர்கள் வேலையன்று.

இரண்டு வாரம் கழித்து, முன்பின் அறியாத ஓர் ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. துணைத் தகவல் கோப்பில் இருந்த ஒரு புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் (சேர்மத்தின் ஹைட்ரஜன்களைப் பீக்குகளாகக் காட்டும் வரைபடம்), 2.05 பிபிஎம் என்ற இடத்தில் 0.9 என்ற தொகையீட்டுடன் (ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையைக் காட்டும் பீக்கின் பரப்பு) நிற்கும் ஒற்றைப் பீக் எதற்குரியது என்று கேட்டிருந்தார். பார்த்தவுடன் எனக்கு வியர்த்துவிட்டது. 4.12, 2.05, 1.26 என்ற மூன்று எண்களும் எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானுக்குரியவை என்பது, குழாயில் கரைப்பானை ஓட்டிச் சேர்மத்தைத் தூய்மைப்படுத்தும் 'காலம்' (column) வேலை செய்த எவருக்கும் மனப்பாடம். எங்கள் சேர்மமே ஓர் எத்தில் எஸ்டர் என்பதால், மற்ற இரண்டும் அதன் பீக்குகளுக்கு அடியில் மறைந்துகொண்டு, இது மட்டும் தனியே தெரிந்திருக்கிறது. நானோ அதை ஏதோ சிறு மாசு என்று கடந்துபோயிருந்தேன். அந்தப் பீக் மூன்று ஹைட்ரஜன்களுக்குரியது என்பதால், தொகையீட்டை மூன்றால் வகுத்தால் எங்கள் சேர்மத்தின் ஒரு மூலக்கூறுக்கு 0.3 கரைப்பான் மூலக்கூறு. சேர்மத்தின் மூலக்கூறு எடை 250. அப்படியானால் நான் நிறுத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெறும் கரைப்பான்! குடுவையை இரவு முழுவதும் வெற்றிடப் பம்பில் வைத்து மறுநாள் நிறுத்தபோது, 82 விழுக்காடு என்று எழுதியிருந்த விளைச்சல் 74 ஆக இறங்கியது.

திருத்திய இரண்டாம் வடிவத்தை, மாற்றம் என்ன என்ற குறிப்புடன் ஏற்றினோம். முதல் வடிவமும் அதே பக்கத்தில் கிடக்கிறது. என் நெறியாளருக்கு அது இன்னும் உறுத்தல், எனக்கு அப்படியில்லை. இதழின் மதிப்பீட்டாளர்கள் மூவரும் அந்த நிறமாலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வினையூக்கி ஆய்வில் இருக்கும் மற்றொருவர்:

எனக்கு நேர்ந்தது வேறு வகை. புதிய வினையூக்கி ஒன்றின் தயாரிப்பு முறையை, யாரும் முந்திவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், வெள்ளிக்கிழமை மாலை ஏற்றிவிட்டேன். அது வெளியான பின்புதான் காப்புரிமைப் பிரிவிலிருந்து, விண்ணப்பம் போட்டாயிற்றா என்று விசாரித்தார்கள். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டிருந்தால், அதன் பின் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்கோ, விண்ணப்பத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் பொதுவில் வந்தாலும் புதுமை போய்விடும். திரும்பப் பெறலாமா என்று பார்த்தேன். பெற்றாலும் திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரைதான் விழுமே தவிர, வெளியான நாள் அழியாது. கடைசியில் அமெரிக்க விண்ணப்பத்தோடு நின்றுகொண்டோம்.

அந்த முன்பதிப்பைப் படித்துத்தான் வேறொரு குழுவினர் எங்களை அணுகினார்கள். அவர்களோடு சேர்ந்து இப்போது அடுத்த கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் வரைவு மூன்று வாரமாகக் காப்புரிமைப் பிரிவின் மேசையில் இருக்கிறது.