துடிப்பு நன்றாகத்தான் இருந்தது

குளோனிங் கருவைச் சுமக்கும் பசுக்களை ஸ்கேன் செய்து பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

அன்று 30-ஆம் நாள் (பசு சினைப்பருவத்துக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, கருவை வைப்பது 7-ஆம் நாள்). ஆசனவாய் வழியாகக் கருவியைக் கொண்டுபோனதும் திரையில் கறுப்பாக நீர்ப்பை, அதன் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கரு, நடுவில் படபடவென்று துடிப்பு. சந்தோஷத்தில் சினை உறுதி என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்கேனை 60-ஆம் நாளுக்குத் தள்ளிவிட்டேன். இடையில் பார்த்த ரத்தப் பரிசோதனையும் சினை என்றே சொன்னது. 60-ஆம் நாள் பார்த்தால் துடிப்பே இல்லை, நீர் கலங்கிக் கிடந்தது, சவ்வு கிழிந்த துணிபோல அதில் அசைந்தது. அந்த ரத்தப் பரிசோதனை பார்ப்பது நஞ்சுக்கொடியின் செல்கள் சுரக்கும் புரதத்தை, கரு செத்த பிறகும் அது கொஞ்ச நாள் ரத்தத்தில் தங்கியிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குளோன் சினைகளில் பெரும்பாலான இழப்பு இந்த 30-க்கும் 90-க்கும் இடையில்தான், காரணமும் பெரும்பாலும் நஞ்சுக்கொடிதான். மாட்டுக்கு நஞ்சுக்கொடி ஒரே தட்டாக ஒட்டுவதில்லை, கருப்பைச் சுவரில் இருக்கும் முண்டுகளைப் பற்றிக்கொண்டு முடிச்சு முடிச்சாக வளரும், சாதாரண சினையில் 70 முதல் 120 வரை இருக்கும். குளோனில் இந்த முடிச்சுகள் தாமதமாக வருகின்றன, எண்ணிக்கையும் குறைகிறது, அதில் ரத்தக் குழாய்களும் சரியாகப் படர்வதில்லை. கரு துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதற்குச் சாப்பாடு போகிற வழி அடைந்துகொண்டே வரும். அதனால் இப்போது வாரம் ஒரு ஸ்கேன், 40-ஆம் நாளிலிருந்து துடிப்பைப் பார்த்த கையோடு முடிச்சுகளையும் தேடுகிறேன். கருவின் நீளத்தையும் அளந்து வைக்கிறேன், ஒரு வாரம் வளராமல் நின்றால் அதுவே கெட்ட சேதி.

90 நாள் தாண்டிவிட்டால் நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு பசு ஏழாம் மாதம்வரை நன்றாக வந்தது, அப்புறம் பத்தே நாளில் வயிறு இரண்டு பக்கமும் குடம்போல உப்பி, தீனியைக் குறைத்து, படுத்தால் எழ முடியாமல் மூச்சு வாங்கியது. கருவைச் சுற்றிய நீர்ப்பையில் அளவுக்கு மீறி நீர் கோத்துவிட்டது. கன்றுக்காகக் காத்திருந்தால் தாய் போய்விடும் என்று தெரிந்ததும் சினையைக் கலைக்க முடிவெடுத்தோம், என் வேலையிலேயே கஷ்டமான முடிவு அதுதான். நீரை ஒரேயடியாக வெளியே விட்டால் பசு அதிர்ச்சியில் போய்விடும், அதனால் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் உப்பு நீர் ஏற்றிக்கொண்டே மெதுவாக வடித்தோம். பசு பிழைத்தது, கன்று இல்லை.

நஞ்சுக்கொடி விழுந்ததும் அதைக் கழுவித் தரையில் விரித்துப் போட்டு எண்ணினேன். 26 முடிச்சுகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது, நீர் கோத்து, அழுத்தினால் குழி விழுந்தது. 90-ஆம் நாள் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அப்போதே ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவ்வளவு வெற்றிடம் இருந்திருக்கிறது.