எங்கேயும் கிடைக்காத பழைய படத்தைத் திருட்டுத் தளத்தில் பார்ப்பதும் குற்றமா?

வடபழனிவாசி:
புதுப் படத்தை ரிலீஸ் அன்றே ஏற்றுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எந்த ஓடிடியிலும் இல்லாத, டிவிடியும் கிடைக்காத பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு என்னதான் வழி? சட்டம் இரண்டையும் ஒன்றாகவா பார்க்கிறது?

ரீல்பெட்டி:
இல்லை. தியேட்டரில் கேமரா வைத்துப் படத்தைப் பிடித்தால், சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். பழைய படத்துக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம்தான், வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960ல் வந்த படத்தின் உரிமை 2020ஓடு முடிந்தது, தாராளமாகப் பாருங்கள்.

பாரிமுனை:
சிறை, அபராதம் எல்லாம் சரி. குண்டர் சட்டத்தில் 2004லேயே வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள், பர்மா பஜாரில் திருட்டு சிடி நின்றதா என்ன? டேட்டா மலிவானதும் அதுவாகப் படுத்துவிட்டது.

வடபழனிவாசி:
அப்போ 1970ல் வந்த படத்துக்கு 2030 வரை காத்திருக்கணுமா? எழுத்தாளர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்குகிறதே, அதுபோல் படத்துக்கும் செய்யலாமே?

ரீல்பெட்டி:
யாரிடம் கொடுப்பது? தயாரிப்பாளர் வாரிசா, ஃபைனான்சியரா, நெகட்டிவ் உரிமை வாங்கியவரா? அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிலிமே வீணாகிவிடும்.