பொருள்: ‘அண்டர்பெயிண்டிங்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

எண்ணெய் வண்ணத்தில் முக ஓவியம் பழகுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டச்சு ஓவியர் வெர்மீர் 1665ஆம் ஆண்டளவில் தீட்டிய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தைப் பார்த்து வரைவதுதான் பாடம். கோட்டுருவம் முடிந்ததும் பழுப்பு, கருப்பு போன்ற ஓரிரு நிறங்களால் முகத்தின் ஒளியையும் நிழலையும் மட்டும் தீட்டி உலரவிட வேண்டும். தோல் நிறம் அதன்மேல்தான் ஏறும். அந்த முதல் தீட்டலுக்கு ‘அடிப்பூச்சு’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் சுவருக்கு அடிக்கும் பிரைமர் என்று புரிந்துகொண்டார்.

*

ஐயா, புதுச்சொல் எதற்கு? நெடுநல்வாடையைத் திறந்து பாருங்கள். தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து கிடக்கும் அரசியை நக்கீரர் ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார். வண்ணம் ஏறாத ஓவியம்! ‘புனையா ஓவியம்’ என்றே அச்சிடுங்கள்.

*

அழகான சொல், ஆனால் பொருந்தாது. வண்ணமின்றி வடிவை மட்டும் கோட்டிய சித்திரம் என்பதே உரை. அது கோட்டுருவம். இங்கே கேட்பது கோட்டுக்கு அடுத்த படி.

என் பரிந்துரை ‘கருவோவியம்’. கரு என்றால் கருமை, கரு என்றால் சூல். கருத்து, கருவி எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை என்றே நினைக்கிறேன். கார்மேகம் மழையைச் சூல்கொள்வதைப் பாருங்கள்: இருளும் பிறப்பும் ஒரே சொல்லில் நிற்கின்றன. நிழலிலிருந்து முகம் பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

*

நான் ஓவியம் கற்பிப்பவள். கருமை என்று பெயரிலேயே வைத்தால் மாணவர் கருப்பைத்தான் எடுப்பார். இத்தாலிய ஓவியர் பலர் முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறம் தீட்டினார்கள். மேலே ஏறும் சிவப்பை அது தணிக்கும். அதையும் கருவோவியம் என்பீர்களா?

பச்சை என்றதும் ஒன்று. அந்தப் பெண்ணின் பின்னணி இன்று கருப்பாகத் தெரிகிறது. வெர்மீர் தீட்டியது பச்சைத் திரை. காலப்போக்கில் நிறம் மாறிவிட்டது. படியெடுப்பவர் இன்றைய கருப்பைப் பார்த்து வரைவதா, அன்றைய பச்சையையா? கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். இந்த அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்குகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேலடுக்கு முதலில் இறுகி, பின்னால் வெடிக்கும். ஆகவே ‘அடி’ என்பது சொல்லில் இருந்தே ஆக வேண்டும். ‘அடிநிலை ஓவியம்’ போதும். கேட்டவுடன் கை எங்கே தொடங்க வேண்டும் என்று புரியும்.

*

‘அடிநிலை’ என்றால் தாழ்ந்த நிலை என்று பொருள்படாதா? அந்த முகம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

*

அனைவருக்கும் நன்றி. அடிநிலை ஓவியத்துக்கு நால்வர், புனையா ஓவியத்துக்கு இருவர், கருவோவியத்துக்கு ஒருவர். இனிக் காத்திருக்க நேரமில்லை; பெரும்பான்மைப்படி ‘அடிநிலை ஓவியம்’ என்று அச்சுக்கு அனுப்புகிறேன். பச்சைத் திரைக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

*

அச்சுக்குப் போனது போகட்டும், என் மறுப்பு இங்கே பதிவில் இருக்க வேண்டும். ‘புனையா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொது. இன்னும் புனையாத, இனிப் புனைய இருக்கிற என்ற இரண்டையும் அந்த ஒரு சொல்லில் நான் உணர்கிறேன். ‘அடிநிலை’ இடத்தைச் சொல்கிறது, காத்திருப்பைச் சொல்லவில்லை. அந்தப் பழுப்பு முகத்தை உலரவிட்டு நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுகிறேன்.