கண்ட்ரோல் தொட்டியிலயே மீன் செத்துப்போச்சு, எல்சி50 கணக்கு போடலாமா?

மொரப்பூர்க்காரி
தர்மபுரில எம்எஸ்சி ஜூவாலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். பொட்டாசியம் டைக்ரோமேட் நன்னீர் மீனுக்கு எவ்ளோ விஷம்னு 96 மணி நேர டெஸ்ட், பாதி மீன் சாகற அளவு (எல்சி50) எவ்ளோன்னு பாக்கறது, அதான் ப்ராஜெக்ட். ஓசூர் பக்கம் குரோம் பிளேட்டிங் பட்டறைங்க இருக்கே, அந்த குரோமியம் ஆத்துத் தண்ணில கலந்தா மீனுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னு நானே கேட்டு வாங்குன டாபிக் இது.

கேஆர்பி டேம் பக்கத்துல ஒரு பண்ணைல ரோகு குஞ்சு 80 வாங்கி ஆக்சிஜன் பாக்கெட்ல பஸ்ல கொண்டாந்தேன். ஒண்ணொண்ணும் சுமாரா 3 கிராம். மூணு நாள் டேங்க்ல வச்சு கடலைப் புண்ணாக்கும் தவிடும் போட்டேன், அப்புறம் 15 லிட்டர் டப்புல பத்து பத்தா விட்டேன். தண்ணி காலேஜ் குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணி. டோஸ் 10, 50, 100, 150, 200 மில்லிகிராம் லிட்டருக்கு, கூடவே மருந்தே போடாத கண்ட்ரோல் ஒண்ணு. 96 மணி நேரம் முடிஞ்சப்போ கண்ட்ரோல்ல 4 செத்திருந்துச்சு. 10லயும் 4, 50ல 5, 100ல 8, மீதி ரெண்டுல எல்லாமே போயிடுச்சு.

கைடு கேட்டா அபாட் ஃபார்முலா போட்டு கண்ட்ரோல் சாவைக் கழிச்சுட்டு ப்ராபிட்ல (சாவு சதவீதத்தை வச்சு எல்சி50 கண்டுபிடிக்கற கணக்கு) போடு நம்பர் வந்துடும்ங்கறாங்க. நம்பர் வரும்தான். ஆனா அதை எழுத மனசு வரல. ரெண்டு மாசத்துல தீசிஸ் குடுக்கணும். யாராச்சும் இந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்_லேப்
தங்கச்சி, போட முடியாது. உங்க மனசு சொன்னதுதான் சரி.

இந்த டெஸ்டுக்கு உலகம் பூரா பாக்குறது ஓஇசிடி 203, ஓஇசிடிங்கற சர்வதேச அமைப்போட டெஸ்ட் விதி, 1981ல வந்து 1992லயும் 2019லயும் திருத்துனது. அதுல கண்ட்ரோல் சாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பத்து மீன் வச்சா ஒண்ணுக்கு மேல சாகக்கூடாது, தாண்டுனா டெஸ்டே செல்லாது. அபாட் ஃபார்முலா 1925ல பூச்சிமருந்துக்காக வந்தது, கண்ட்ரோல்ல ஒண்ணு ரெண்டு தானா செத்தா சரி பண்ணிக்கறதுக்கு. பத்துல நாலு செத்திருக்குன்னா உங்க தண்ணியோ தொட்டியோ மீனோ ஏதோ ஒண்ணு ஏற்கனவே கொன்னுட்டு இருக்கு, மீதி ஆறும் பாதி உயிர்லதான் இருந்திருக்கும், அந்த மீன் மேல டைக்ரோமேட்டை ஊத்தி வர்ற சாவு எதோட கணக்குன்னு எந்த ஃபார்முலாவும் பிரிச்சு சொல்லாது. 10 மில்லிகிராம்லயும் அதே 4 தானே, அதைப் பாருங்க.

எனக்கு முதல் சந்தேகம் தண்ணி மேலதான். ஒகேனக்கல் தண்ணி குளோரின் போட்டு வர்றது. குழாய்ல நாம பிடிக்கற இடத்துல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும்னு குடிதண்ணி விதியே இருக்கு, நமக்கு நல்லது, ஆனா குஞ்சு மீனோட செவுளுக்கு அதுவே ஜாஸ்தி. ரெண்டு நாள் ஏர் ஓட்டி வச்சு, குளோரின் கிட் போட்டு கலர் வரலைன்னு பாத்துட்டு அப்புறம் மீனை விடுங்க. சோடியம் தயோசல்பேட்டும் போடலாம், ஆனா அது டைக்ரோமேட்டோட சேர்ந்தா குரோமியத்தையே மாத்திட வாய்ப்பு இருக்கு, உங்க டெஸ்டுக்கு வேணாம். அதுக்காக போர் தண்ணிக்கும் போயிடாதீங்க. நம்ம பக்கத்து உப்புத்தண்ணில கடினத்தன்மை எகிறிக் கிடக்கும், ஃப்ளோரைடும் இருக்கும். தாமிரம், துத்தநாகம் மாதிரி உலோகங்களோட விஷம் கடினத் தண்ணில குறைஞ்சு தெரியும். எந்தத் தண்ணியா இருந்தாலும் கடினத்தன்மை, பிஹெச் ரெண்டும் அளந்து தீசிஸ்ல எழுதுங்க, அது இல்லாம எல்சி50 நம்பரை வேற ஊர் நம்பரோட ஒப்பிடவே முடியாது.

ரெண்டாவது நெரிசல். 10 மீன் 3 கிராம்னா 30 கிராம், 15 லிட்டர்ல லிட்டருக்கு 2 கிராம் ஆகுது. தண்ணி ஓடாத தொட்டிக்கு புது விதிப்படி 0.8 கிராம்தான். ஆக்சிஜன் குறையும், கழிவு அமோனியா ஏறும். அமோனியால பிஹெச் பெரிய விஷயம்: 25 டிகிரில பிஹெச் 7ல அமோனியால 1 சதவீதம் கூட விஷ வடிவத்துல இருக்காது, 8 ஆனா 5 சதவீதத்துக்கு மேல, 9 ஆனா மூணுல ஒரு பங்கு. இதுல டெஸ்டுக்கு முன்னாடி புண்ணாக்கு வேற போட்டுருக்கீங்க. 24 மணி நேரம் முன்னாடியே தீனி நிறுத்தணும், டெஸ்ட் நடக்கறப்போ போடவே கூடாது.

மூணு நாள் பழக்கம் பத்தாது. 48 மணி நேரம் செட்டில் ஆக விட்டு, அப்புறம் டெஸ்ட் பண்ற அதே தண்ணில 7 நாள் வச்சு சாவை எண்ணுங்க. 5 சதவீதத்துக்குக் கீழன்னா எடுத்துக்கலாம், 5க்கும் 10க்கும் நடுவுலன்னா இன்னும் 7 நாள், 10க்கு மேல போனா அந்த லாட்டையே விட்டுடணும்.

ஈடிபி_ஆபரேட்டர்
ஓசூர் லைன்ல பிளேட்டிங் கழிவுத் தண்ணி பாக்கறவன் நான், மீன் டெஸ்ட் தெரியாது, குரோமியம் தெரியும். ரெண்டு விஷயம் மா.

நீங்க 100 மில்லிகிராம்னு எழுதறது டைக்ரோமேட்டா குரோமியமா? பொட்டாசியம் டைக்ரோமேட்ல குரோமியம் 35 சதவீதம்தான், அப்போ 100 போட்டா தண்ணில குரோமியம் 35தான் இருக்கு. சில பேர் உப்பா எழுதறாங்க சில பேர் உலோகமா எழுதறாங்க, பாக்கறவங்க மூணு மடங்கு தப்பா புரிஞ்சுக்கறாங்க. எது எழுதுனாலும் தெளிவா எழுதுங்க.

முக்கியமானது இன்னொண்ணு, டெஸ்ட் முடிஞ்ச மஞ்சள் தண்ணிய என்ன பண்ணீங்க? சிங்க்ல ஊத்தாதீங்க தயவுசெஞ்சு. டைக்ரோமேட்ல இருக்கற ஆறு வேலன்ஸ் குரோமியம் கேன்சர் வரவைக்கும், கிளவுஸ் இல்லாம தொடவும் வேணாம். நாங்க ஆசிட் போட்டு பிஹெச் 2, 3க்குக் கொண்டு வந்து சோடியம் மெட்டாபைசல்பைட் போடுவோம், மஞ்சள் போய் பச்சையாகும், அது மூணு வேலன்ஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் சுண்ணாம்பு போட்டு பிஹெச் 8, 9க்கு ஏத்துனா சேறா கீழ படியும். அந்த சேறும் அபாயக் கழிவுதான், குப்பைல போடக்கூடாது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல கேட்டு ஃப்யூம் ஹுட்ல வச்சு பண்ணுங்க, மெட்டாபைசல்பைட் போடறப்போ வர்ற நெடி மூச்சை அடைக்கும்.

மொரப்பூர்க்காரி
அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தண்ணி இன்னும் டப்புல மூடித்தான் வச்சிருக்கேன், ஊத்தல. நான் எழுதுனது எல்லாம் டைக்ரோமேட் கணக்கு, குரோமியமா மாத்தணும்னு தோணவே இல்ல. அந்த 10, 50, 100, 150 டோஸ் வரிசை சரியா?

ஓசூர்_லேப்
இல்ல மா. கூட்டிக்கிட்டே போகக்கூடாது, பெருக்கிக்கிட்டே போகணும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 2.2 மடங்குக்கு மேல போகாம அஞ்சு டோஸ். 10, 20, 40, 80, 160 வச்சுக்கலாம், அதுக்கும் முன்னாடி ஒரு ரேஞ்ச் பாக்கற டெஸ்ட் மூணு நாலு மீனோட பண்ணிடுங்க, வீணா நிறைய மீன் சாக வேணாம். மீன் ஒரு டோஸுக்கு 7 போதும். முதல் நாள் 3 மணி நேரம், 6 மணி நேரம் கழிச்சுப் பாருங்க, அப்புறம் காலைல சாயந்திரம். செவுள் மூடி அசையல, வாலடியைத் தொட்டாலும் அசைவில்லைன்னாதான் செத்ததுன்னு எண்ணணும், செத்ததை உடனே எடுத்துடணும். புரண்டு நீந்தறது, மேல வந்து வாயைத் திறக்கறது எல்லாம் நோட்டுல எழுதுங்க, அதுவும் டேட்டாதான். ஆக்சிஜன் தண்ணி தாங்கற முழு அளவுல 60 சதவீதத்துக்குக் கீழ இறங்க விடாதீங்க, நம்ம வெயிலுக்கு சுமாரா லிட்டருக்கு 5 மில்லிகிராம்.

டேம்_பக்கம்
நான் கேஆர்பி டேம்கிட்ட குஞ்சு வளக்கறவன். பாப்பா, குஞ்சைப் பிடிக்கறதுக்கு முந்தின நாளே தீனி நிறுத்தி துணித் தொட்டியில விட்டு வயித்தைக் காலி பண்ணச் சொல்லி பண்ணைக்காரர்கிட்ட கேட்டியா? தின்ன குஞ்சைப் பாக்கெட் போட்டா பைக்குள்ளயே கழிச்சு அந்தத் தண்ணியிலயே மயங்கிடும், அன்னிக்கு உசுரோட இருக்கும், மூணாம் நாள் சாகும். வெடியக்காலம் பிடிச்சு வெயில் ஏறறதுக்குள்ள ஊர் சேரு. பையைப் பிரிக்காம தொட்டி மேல அரை மணி மிதக்க விட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உன் தண்ணிய உள்ள விடு.

எனக்கும் ஒண்ணு கேக்கணும். தென்பெண்ணைல கெலவரப்பள்ளியில இருந்து நுரை பொங்கறதை ஊரே பாக்குது. நாலு நாள்ல மீன் சாகலைன்னா அந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதிடுவாங்களா?

ஓசூர்_லேப்
அண்ணே, நியாயமான கேள்வி. ஆலைக் கழிவுக்கு ஒரு விதி இருக்கு, நூறு சதவீதக் கழிவுத் தண்ணில 96 மணி நேரம் விட்டா 90 சதவீத மீன் பிழைக்கணும்னு. ஆனா அதை மட்டும் வச்சு விட மாட்டாங்க. ஆத்துல விடற கழிவுல ஆறு வேலன்ஸ் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீனை நாலு நாள்ல கொல்ல அதைவிட பல மடங்கு வேணும், இந்தத் தங்கச்சி போட்ட டோஸையே பாருங்க. நாலு நாள்ல சாகாத மீன் நாலு மாசத்துல வளருதா, முட்டை விடுதா, அந்தக் குஞ்சு பிழைக்குதான்னு இந்த டெஸ்ட் சொல்லாது, அதுக்கு வேற நீண்ட டெஸ்ட் இருக்கு. அதனால தீசிஸ்ல "இந்த அளவுக்குக் கீழ பாதுகாப்பு"ன்னு ஒரு வரி கூட வரக்கூடாது மா.

பழைய_வாத்தியார்
ஒரு விஷயம் யாரும் கேக்கல. மீனும் முதுகெலும்புள்ள பிராணிதான், காலேஜ்ல பிராணி ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதி வாங்கினீங்களா? 2014லயே யுஜிசி ஜூவாலஜி பாடத்துல பிராணிகளை அறுக்கறதையும் பிராணிச் சோதனையையும் கைவிடச் சொல்லிடுச்சு, ஆராய்ச்சின்னா அனுமதி கட்டாயம். முதல்ல அது, அப்புறம்தான் மத்ததெல்லாம். அனுமதி கிடைக்கலைன்னா ஜீப்ரா மீன் முட்டையில பண்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஓஇசிடி 236, 2013ல வந்தது. தானா தின்ன ஆரம்பிக்காத கருவுல பண்றதால வளந்த மீன் சாக வேண்டியதில்ல. கரு உறைஞ்சுபோச்சா, உடல் துண்டம் உருவாகலையா, வால் மஞ்சள் கருவை விட்டுப் பிரியலையா, இதயம் துடிக்கலையான்னு நாலு அடையாளம் மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், இதயம் துடிக்கறது தெளிவா தெரியும்.

மொரப்பூர்க்காரி
சார், டிபார்ட்மெண்ட்ல அனுமதி இருக்குன்னு வாய்லதான் சொன்னாங்க, பேப்பரா நான் பாக்கல. இன்னிக்கு கேட்டேன், மனு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, எழுதிட்டேன். செத்த 41 மீனையும் கணக்குல காட்டி, முதல் டெஸ்ட் செல்லல, ஏன் செல்லலைன்னு ஒரு சாப்டர் வைக்கப்போறேன்னு கைடுகிட்டயும் சொல்லிட்டேன். முதல்ல முகம் சுளிச்சாங்க, கண்ட்ரோல் கணக்கைக் காட்டினதும் சரின்னுட்டாங்க. அனுமதி வர்ற வரைக்கும் மீன் வாங்கல, தண்ணிய மட்டும் பாத்துட்டு இருக்கேன். நேத்து குழாய்ல பிடிச்ச உடனே கிட் போட்டேன், நல்லா மஞ்சளா வந்துச்சு. ஏர் போட்டு வச்சிருக்கேன், நாளைக்கு காலைல மறுபடி போட்டுப் பாக்கணும்.