விசை கொடுத்ததும் கட்டம் மாறிய டைட்டேனியம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

உலோகன்:
டைட்டேனியம் 10-2-3, அதாவது 10% வனேடியம், 2% இரும்பு, 3% அலுமினியம் சேர்ந்த கலவை. பீட்டா எல்லைக்கு (கலவை முழுக்க பீட்டா என்ற படிகக் கட்டமாகும் வெப்பநிலை) மேலே, அதாவது 800 டிகிரி செல்சியஸைத் தாண்டி வைத்திருந்து தண்ணீரில் தணித்த மாதிரி. இழுவிசைச் சோதனையில் தகைவு-திரிபுக் கோடு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வளைந்தது. வளைந்து, கிட்டத்தட்டப் படுக்கையாகவே ஓடியது. அப்புறம் மறுபடி ஏறி இரண்டாம் முறை வளைந்தது. பக்கத்தில் நின்ற சீனியர் "பிடி வழுக்கியிருக்கு, இதைத் தூக்கிப் போடு" என்றார். வழுக்கினால் விசை விட்டுவிட்டு இறங்கி ரம்பப் பல் மாதிரி தெரியும். இது வழவழவென்று போனது. அதோடு, நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாதிரியின் மேலேயே மாட்டியிருந்தது. பிடியில் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்? விசையிலேயே பீட்டா மார்ட்டென்சைட்டாக, அதாவது அணுக்கள் சட்டென்று ஒருசேர நகர்ந்து உருவாகும் கட்டமாக, மாறியதுதான் அது. அறிக்கையில் அந்தக் கோடு வரவே இல்லை. இன்றும் ஆறவில்லை.

பீட்டாப்பிரியை:
எனக்கு யாரும் இழுக்காமலேயே வந்தது. தணித்த பீட்டா கலவையைத் தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு படிக மணிக்குள்ளும் ஊசி ஊசியாக மார்ட்டென்சைட். தணிக்கும்போது வந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதே மாதிரியை எலக்ட்ரோபாலிஷ் செய்து மேல்தோலைக் கரைத்தேன். ஒரு ஊசிகூட இல்லை! தேய்த்த விசையே போதுமாக இருந்திருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன் உலோகன், உங்களுடையது மார்ட்டென்சைட்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்த வகைக் கலவைகளில் இரட்டைப்படிகமும் (கட்டம் மாறாமல் படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போல் திரும்புவது) உருவாகும். கோட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

உலோகன்:
கோட்டை மட்டும் பார்க்கவில்லை. முறிந்த துண்டில் இழுபட்ட நடுப்பகுதி, பிடிக்குள் இருந்த தலைப்பகுதி இரண்டையும் எலக்ட்ரோபாலிஷ் செய்து எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சிதறலை வைத்துக் கட்டத்தை அறியும் கருவி) வைத்தேன். நடுவில் ஆல்ஃபா இரட்டைப் பிரைம் என்ற மார்ட்டென்சைட்டின் உச்சிகள் தெளிவாக இருந்தன, தலையில் இல்லை. இரட்டைப்படிகமும் கூடவே இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை.

அழுத்தமானி:
கலவைகூட வேண்டாம், சுத்த டைட்டேனியமே போதும். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நெருக்கும் வைர அன்வில் செல்லில் அழுத்தி, ஒமேகா என்ற உயரழுத்தக் கட்டம் வந்ததைப் பார்த்தோம். அது 1963-இல் ஜேமிசன் என்ற ஆய்வாளர் காட்டியதுதான், புதிதில்லை. என்னை உலுக்கியது அதற்கு அடுத்த நிமிடம். அழுத்தத்தை முழுக்க விட்டாச்சு, ஒமேகா உச்சிகள் அப்படியே நிற்கின்றன. சூடாக்கிய பிறகுதான் வழக்கமான ஆல்ஃபா கட்டத்துக்குத் திரும்பியது. இந்த மாற்றம் தொடங்கும் அழுத்தத்தை ஆளுக்கொரு எண்ணாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சுற்றியுள்ள ஊடகம் எவ்வளவு நறுக்குவிசையைக் கடத்துகிறதோ, அவ்வளவு சீக்கிரம் மாற்றம் தொடங்கும்.

தணிப்புத்தொட்டி:
எங்களிடமும் 10-2-3 தான். ஒரு தொகுதியில் இரட்டை வளைவு வந்தது, அடுத்ததில் சுத்தமாக இல்லை.

உலோகன், மறுபடி செய்வதாக இருந்தால் முதலில் உலையின் வெப்பநிலையைச் சரிபாருங்கள். எல்லைக்குக் கீழே போனால் பீட்டாவாக மாறாத முதன்மை ஆல்ஃபா தங்கிவிடும், வனேடியமும் இரும்பும் மிச்சப் பீட்டாவில் சேர்ந்து அதை உறுதியாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் மார்ட்டென்சைட்டுக்கு முன் படிகத்துக்குள் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான் வரும். எங்கள் இரண்டாம் தொகுதியில் நடந்தது அதுதான். மணியளவையும் குறித்து வையுங்கள், மணி சிறுத்தால் மார்ட்டென்சைட் தொடங்கும் தகைவு ஏறும். வேகமாக இழுக்காதீர்கள், மாதிரி தன்னால் சூடாகும், சூட்டில் பீட்டா இன்னும் நிலையாகும்.  வயதாக்கம் (தணித்த பின் மிதமான சூட்டில் வைத்திருப்பது) மட்டும் வேண்டாம், ஒமேகாவோ ஆல்ஃபாவோ வந்துவிட்டால் படுக்கைப் பகுதியை மறந்துவிட வேண்டியதுதான். படுக்கைப் பகுதியின் நடுவில் ஒருமுறை விசையை இறக்கிப் பாருங்கள், திரிபு நேர்கோட்டைத் தாண்டி மீண்டால் கொஞ்சம் மார்ட்டென்சைட் பீட்டாவுக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பிடி வழுக்கியிருந்தால் அப்படி மீளாது.

உலோகன்:
அந்தக் கடைசிச் சோதனை ஒன்றே சீனியருக்குப் பதில். மிச்சம் இரண்டு மாதிரிகள் தணித்தபடியே இருக்கின்றன. இறக்கி ஏற்றிய கோட்டை இங்கேயே போடுகிறேன்.

பீட்டாப்பிரியை:
போடும்போது மணியளவையும் சேர்த்துப் போடுங்கள்.