புதுப்பிப்பு: வயர்கார்டு விபிஎன் இணைகிறது, உள்ளே இருக்கும் சர்வர் மட்டும் பதில் தரவில்லை (தீர்ந்தது)

வெளியிலிருந்து வயர்கார்டு வழியாக வந்தால் கேட்வே (வயர்கார்டு ஓடும் நுழைவு மெஷின்) வரை பிங் போகிறது, பின்னால் கிளவுடின் பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாத உள் நெட்வொர்க்கில்) இருக்கும் டேட்டாபேஸ் சர்வர் மட்டும் வாயே திறப்பதில்லை என்று கேட்டிருந்தேன். சர்வரிலேயே டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டியதும் தெரிந்துவிட்டது: பாக்கெட் வந்து சேர்கிறது, பதிலும் கிளம்புகிறது, ஆனால் வயர்கார்டு கிளையன்ட்டுகளின் ஐபி ரேஞ்சான 10.8.0.0/24 எந்தப் பக்கம் என்று கிளவுடின் ரூட் டேபிளுக்கு (எந்த ஐபிக்கு எந்த வழி என்ற பட்டியல்) தெரியாததால் அது வழியிலேயே தொலைகிறது. அந்த ரேஞ்சை கேட்வே மெஷினுக்குத் திருப்பி ஒரு ரூட் சேர்த்தேன், உடனே இணைந்தது. சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக் (தனக்கல்லாத பாக்கெட்டை ஒரு மெஷின் கடத்திவிடாமல் கிளவுட் தடுக்கும் சோதனை) ஏற்கெனவே அணைத்துத்தான் இருந்தது. சிலர் சொன்ன மாஸ்கரேடும் (கிளையன்ட்டின் ஐபிக்குப் பதில் கேட்வேயின் ஐபியைப் போட்டு அனுப்புவது) வேலை செய்யும்தான், ஆனால் லாகில் எல்லா கிளையன்ட்டும் கேட்வேயின் ஐபியாகவே தெரியும், அது எனக்கு வேண்டாம். அப்புறம், பெரிய குவெரிகள் மட்டும் பாதியில் தொங்கின. எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1420-லிருந்து 1380-க்குக் குறைத்ததும் அதுவும் சரியானது.