வட்டத்துக்குள் எழுத்து போட்டுப் பட்ட பாடு

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் சின்ன மையம் ஒன்றுக்கு மாதிரித் தேர்வுப் பக்கம் செய்து கொடுத்தேன். கேள்வித்தாளை வேர்ட் கோப்பாகத் தந்தார்கள். விடைத் தெரிவுகள் Ⓐ, Ⓑ, Ⓒ, Ⓓ என்று வட்டத்துக்குள் அழகாக இருந்தன. அப்படியே ஏற்றிவிட்டேன். முதல் தேர்வு நடந்த அன்று ராத்திரி போன்: "சார், எழுதின அத்தனை பேருக்கும் பூஜ்யம் வருது."

விடைக்குறிப்பில் அவர்கள் தட்டச்சு செய்திருந்தது சாதாரண பி. பக்கத்திலிருந்து போனது வட்ட பி. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ எழுத்து என்றால் ஓர் எண்: ஒன்று 66, இன்னொன்று 9399. எப்படிச் சேரும்? இணையப் பக்கத்துக்கு நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்டில், எழுத்தைப் பொது வடிவத்துக்கு மாற்றும் நார்மலைஸ் என்ற கட்டளை ஒன்று இருக்கிறது. அதில் என்.எஃப்.கே.சி. வடிவம் கேட்டால் வட்டத்தை உரித்துவிட்டு வெறும் எழுத்தைத் தரும். வடிவம் சொல்லாமல் வெறுமனே அழைத்தால் எதுவும் மாறாது. நான் முதலில் அப்படிப் போட்டுத்தான் அரைமணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தமிழ்வழி மாணவர்களுக்கு அ, ஆ, இ, ஈ வட்டத்துக்குள் வேண்டும் என்றார்கள். எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடில் ஆங்கில எழுத்துக்கு வட்டம் உண்டு, எண்ணுக்கு உண்டு, ஜப்பானியக் கடகானாவுக்கும் கொரிய எழுத்துக்கும்கூட உண்டு. தமிழுக்குக் கிடையாது. முந்தைய எழுத்தின்மேல் வட்டம் போர்த்தும் ஒட்டுக்குறி ஒன்று இருக்கிறது: ⃝ அதை அ-வுக்குப் பின்னால் போட்டேன். என் கணினியில் வட்டம் எழுத்தை விட்டு வலப்பக்கம் போய் நின்றது. போனில் வெறும் கட்டம். சரி, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் பட்டியல் பாணியில் 'தமிழ்' என்றே ஒன்று இருக்கிறதே என்று அதைப் போட்டால், வந்தது தமிழ் எண்கள் ௧, ௨, ௩, ௪! "க இருக்கு, உ இருக்கு, அ எங்கே சார்?" என்று ஒரு பையன் கேட்டானாம்.

கடைசியில் சாதாரண எழுத்தையே ஒரு ஸ்பேனுக்குள் (எழுத்தைச் சுற்றும் சிறு பெட்டி) வைத்து, அகலமும் உயரமும் ஒரே அளவாக்கி, மூலையை வளைக்கும் பார்டர் ரேடியஸ் 50% கொடுத்தேன்; பெட்டி வட்டமானது. ஆ-வின் சுழி கோட்டை உரசியது. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியதும் அடங்கிவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பதில்:
திருப்பூரில் ஒரு பனியன் கடைக்கு இணையக் கேட்டலாக் செய்தேன். சைஸுக்கு எஸ், எம், எல் மூன்றும் வட்ட எழுத்து. கடைக்காரர் போனில் பார்த்துவிட்டு, "எம் மட்டும் ஏன் கலர்ல இருக்கு, அதுல ஏதும் ஆஃபரா?" என்றார். Ⓐ முதல் Ⓩ வரையிலான வட்ட எழுத்துகளில் எம் ஒன்றுக்குத்தான் எமோஜி வடிவமும் உண்டு. எஸ்ஸுக்கும் எல்லுக்கும் இல்லை. எம்முக்குப் பின்னால், எமோஜி வேண்டாம், எழுத்தாகவே காட்டு என்று சொல்லும் ︎ சேர்த்தேன், அதுவும் கறுப்பு வெள்ளைக்கு வந்துவிட்டது. அதுவரை எம் சைஸ்தான் அதிகம் விற்றதா என்று கேட்க மறந்துவிட்டேன்.

பதில்:
நான் அச்சக வேலைக்காரன். மசாலாப் பாக்கெட் லேபிளுக்கு வந்த ஒருவர், பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் வேண்டும், "அப்பதான் கம்பெனி மாதிரி இருக்கும்" என்றார். பெயரைப் பதிவு செய்தீர்களா என்றால் இல்லை. பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி கூடாது என்று சொல்லி, பதிவு செய்யாதவர்களும் போடும் வணிகக்குறி அடையாளமான டி.எம்.மைச் சின்னதாகப் போட்டுக் கொடுத்தேன். லேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வட்டம் இல்லையே" என்றார்.